வெட்டினால்தான் காய்க்கும்: எங்கள் வீட்டுத் திராட்சைப் பந்தல்

எங்கள் வீட்டுத் திராட்சைக் கொடிக்கு இதுவரை ஏறக்குறைய 28,000 ரூபாய் செலவாகியிருக்கிறது. முதல் அறுவடையில் கைக்கு வந்த பழம் 6 கிலோ. அதே பன்னீர் திராட்சையை மாட்டுத்தாவணியில் 600 ரூபாய்க்குள் வாங்கியிருக்கலாம் என்று என் கணவர் இன்றைக்கும் வருகிற விருந்தாளிகளிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் கணக்கு சரிதான். ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பகுதி, யாராவது விஷயம் தெரிந்தவர் ஒருவர் தொடக்கத்திலேயே பத்து நிமிடம் உட்கார்ந்து பேசியிருந்தால் செலவாகியே இருக்காது. பணம்கூடப் போகட்டும், 3 ஆண்டுகள் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேனே, அதுதான் பெரிய நஷ்டம். வீட்டுத் தோட்டத்தில் திராட்சை வைக்கும் ஆசை இருப்பவர்கள் நர்சரிக்குப் போவதற்கு முன் இதைப் படித்துவிட்டுப் போனால், நான் பட்டதில் ஒரு பகுதியாவது மிச்சமாகும்.

நாங்கள் இருப்பது மதுரைக்கு வடக்கே, அழகர்கோவில் சாலையை ஒட்டிய ஒரு குடியிருப்பில். வீட்டுக்குத் தெற்கே கார் நிறுத்த விட்ட இடம் காலியாகக் கிடந்தது. எங்களிடம் கார் இல்லை. நல்ல வெயில் விழும் இடம். நிழலுக்கு நிழலும் ஆகும், பழமும் கிடைக்கும் என்று 2019 ஆடியில் இரண்டு செடிகள் வாங்கினேன். புறவழிச் சாலையோரம் இருந்த ஒரு நர்சரியில், ஒவ்வொன்றும் 350 ரூபாய். கழுத்தில் பெரிய கறுப்புத் திராட்சைக் குலையின் வண்ணப்படம் கட்டியிருந்தது. "விதையில்லாத் திராட்சை, எட்டே மாதத்தில் காய்க்கும்" என்று விற்றவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அவற்றில் ஒன்று பட்டுப்போனது. மற்றொன்று வளர்ந்து, பல ஆண்டுகள் கழித்துக் காய்த்தபோதுதான் தெரிந்தது, அது விதையில்லாத் திராட்சையே இல்லை, சாதாரணப் பன்னீர் திராட்சை என்று. அந்த ஏமாற்றத்துக்கு இப்போது நான் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது, காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

செடி வாங்கும்போது படத்தைப் பார்க்காதீர்கள், அடித்தண்டைப் பாருங்கள். திராட்சையைக் குச்சியிலிருந்துதான் பதியம் போட வேண்டும். விதையிலிருந்து வந்த செடி தாய்க்கொடியைப் போலவே காய்க்கும் என்று சொல்ல முடியாது, காய்ப்புக்கு வரவும் காலமாகும். குச்சியிலிருந்து வந்த செடியில் பென்சில் கனத்துக்கு ஒரு பழைய கட்டை மண்ணில் நட்டபடி இருக்கும், அதன் கணுவிலிருந்து பக்கவாட்டில் புதுத்தளிர் கிளம்பியிருக்கும். வேரிலிருந்து நுனிவரை ஒரே மெல்லிய தண்டாக நேராகப் போனால் அது விதைச் செடியாக இருக்கலாம், வாங்காமல் வாருங்கள். பட்டுப்போன என் செடியைப் பிடுங்கிப் பார்த்தேன், அப்படித்தான் இருந்தது. விதையில்லா வகைதான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். விதையில்லாத் திராட்சையில் கிளையின் அடிக்கணுக்கள் பெரும்பாலும் காய்ப்பதில்லை, கிளையை நீளமாக விட்டு வெட்டத் தெரிய வேண்டும். கடையில் பார்க்கிற அந்தப் பெரிய பெரிய மணிகள் ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியின் கரைசலில் நனைத்துப் பெருக்க வைத்தவை. அந்தச் சிகிச்சை இல்லாவிட்டால் பட்டாணி அளவுக்குத்தான் வரும். ஓடைப்பட்டிப் பக்கம் அதைத் தொழிலாகச் செய்பவர்கள் செய்துவிட்டுப் போகட்டும். வீட்டுக்குப் பன்னீர் போதும். கொட்டை இருக்கும், தோல் கொஞ்சம் தடிப்பு, ஆனால் அந்த வாசனை வேறு எதிலும் கிடையாது. இதைத்தான் புத்தகங்களில் மஸ்கட் ஹாம்பர்க் என்று எழுதுகிறார்கள்.

அடுத்தது பந்தல். முதலில் மூங்கில் கழி நட்டுக் கம்பி இழுத்துப் போட்டோம், 4,500 ரூபாய் ஆனது. போட்டுக் கொடுத்தவர், "புடலைக்கும் பாகலுக்கும் இதைத்தான் போடுகிறோம், இதற்கு மட்டும் தாங்காதா?" என்று கேட்டார். புடலையும் பாகலும் ஒரு பருவத்தோடு முடிகிற கொடிகள். திராட்சை ஆண்டுக்கணக்கில் நிற்பது, அடிமரம் கட்டையாகத் தடித்துக்கொண்டே போவது. மறு ஆண்டு மே மாதக் கோடை மழையில், காற்றோடு சேர்ந்து, பந்தல் இலைப்பாரத்தோடு அப்படியே தெருப்பக்கம் சாய்ந்தது. நல்லவேளையாகக் கீழே யாரும் இல்லை. இரும்புக் குழாய் நட்டு, அடியில் சிமெண்ட் போட்டு, மேலே துத்தநாகம் பூசிய கம்பி இழுத்து மறுபடி போட 16,500 ரூபாய். கம்பம் பள்ளத்தாக்கில் கல்தூண் நடுகிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. கல்தூண் கிடைக்கிற ஊரில் இருப்பவர்கள் அதையே போடுங்கள், துருப்பிடிக்காது.

பணத்தைவிடப் பெரிய தொல்லை உயரத்தில் வந்தது. பின்னாளில் கார் வாங்கினால் உள்ளே வர வேண்டுமே என்று என் கணவர் பந்தலை 9 அடிக்குப் போடச் சொல்லிவிட்டார். இன்னும் கார் வரவில்லை. ஆனால் ஒரு குலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்றாலும், ஒரு இலையைக் கிள்ள வேண்டும் என்றாலும் நான்தான் ஏணியை இழுத்துக்கொண்டு நிற்கிறேன். திராட்சைப் பந்தல் என்பது வருடம் முழுவதும் கை படுகிற இடம். வெட்டுவது, கட்டுவது, மருந்து அடிப்பது, பூச்சி பார்ப்பது எல்லாம் தலைக்கு மேலே கையைத் தூக்கிச் செய்கிற வேலைகள். ஆறரை அடி, மிஞ்சிப்போனால் 7 அடி. அதற்கு மேல் போடச் சொல்லி யார் சொன்னாலும், ஏணியில் யார் ஏறுவது என்பதையும் அப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. கோடையில் இலையின் ஓரம் முழுக்கத் தீய்ந்து சுருண்டதைப் பார்த்து நோய் என்று பயந்தேன். திராட்சைக்கு உப்பு ஆகாது, அவ்வளவுதான். மாநகராட்சித் தண்ணீரும் சேர்த்து ஊற்ற ஆரம்பித்த பிறகு புதுத்தளிர் சுத்தமாக வந்தது.

இனி அந்த மூன்று ஆண்டுகள். கொடி என்னமோ அமோகமாக வளர்ந்தது. பந்தல் மூடி, சுவர் ஏறி, பக்கத்து வீட்டு முருங்கையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் வீட்டு மொட்டைமாடிக்கே போய்விட்டது. பூ என்று ஒன்றைக் கண்ணால் காணவில்லை. ஆலோசனைக்கு மட்டும் பஞ்சமில்லை. மாமியார் மீன் கழுவிய தண்ணீர் ஊற்றச் சொன்னார். எதிர்வீட்டு அக்கா மீன் குடலையே புதைக்கச் சொன்னார். புதைத்தேன், தெருப் பூனைகள் எல்லாம் கூடி வேரைத் தோண்டி வைத்தன. உரக்கடையில் யூரியா கொடுத்தார்கள், இலை இன்னும் பெரிதானது. என் தம்பி வந்து பார்த்துவிட்டு, "அக்கா, இது ஆண் கொடி. பக்கத்தில் ஒரு பெண் கொடி வைத்தால்தான் காய்க்கும்" என்று தீர்ப்புச் சொன்னான். வேறொரு நர்சரியில் போய்ப் பெண் கொடி கேட்டேன். அவர்கள் கொஞ்சமும் தயங்காமல் உள்ளே போய் ஒன்றை எடுத்துவந்து "இதுதான் பெண்" என்று 400 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். நம் ஊரில் பயிரிடுகிற திராட்சையில் ஒரே பூவுக்குள் ஆண் பாகமும் பெண் பாகமும் இருக்கின்றன. ஒற்றைக் கொடி இருந்தாலே காய்க்கும். கோவைக்காய்க்கு வேண்டுமானால் ஆண் கொடி பெண் கொடி உண்டு. அந்த 400 ரூபாயை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது. செடி கூட நன்றாக இருந்தது என்று சொல்ல முடியாது.

2022ல் உத்தமபாளையத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுத் திருமணம். மறுநாள் சுருளி அருவிக்குப் போகிற வழியில், சுருளிப்பட்டிப் பக்கம் சாலையின் இருபுறமும் திராட்சைத் தோட்டங்கள். ஒரு தோட்டத்தில் குலை குலையாகக் கறுத்துத் தொங்குகிறது. அதை ஒட்டிய தோட்டத்தில் ஒரு இலைகூட இல்லை. மொட்டைக் குச்சிகள் கம்பியின் மேல் பரப்பிக் கிடந்தன. பட்டுப்போய்விட்டதோ என்று வண்டியை நிறுத்தி அங்கே வேலை செய்துகொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். "கவாத்து அடித்திருக்கிறோம் அம்மா, இன்னும் பத்து நாளில் துளிர்க்கும்" என்றார். கிளைகளை வெட்டிவிடுவதைத்தான் கவாத்து என்கிறார்கள். எங்கள் வீட்டுக் கொடி காய்க்கவில்லை என்றேன். எத்தனை தடவை கவாத்து அடித்தீர்கள் என்று கேட்டார். ஒரு தடவைகூட இல்லை என்றதும் அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "கத்தியே படாத கொடி எப்படி அம்மா காய்க்கும்?" அதற்குப் பிறகு அங்கேயே நின்று அவர் விளக்கியதும், அப்புறம் நான் வேளாண்மைப் பல்கலைக்கழக வெளியீடுகளைத் தேடிப் படித்ததும் சேர்த்துத்தான் இனி சொல்கிறேன்.

திராட்சை குளிர் நாட்டுச் செடி. அங்கே பனிக்காலத்தில் இலை எல்லாம் கொட்டி, கொடி தூங்கிவிடும். வசந்தத்தில் கணுக்கள் எல்லாம் ஒன்றாக விழித்துத் துளிர்க்கும், அந்தத் துளிரோடு பூங்கொத்து வரும். நம் ஊரில் அந்தக் குளிர் கிடையாது. கொடிக்குத் தூக்கமே வருவதில்லை. நுனி மட்டும் போய்க்கொண்டே இருக்கும், பின்னால் இருக்கிற கணுக்கள் விழிக்காமலே கிடக்கும். கவாத்து என்பது நாம் கத்தியால் உண்டாக்குகிற பனிக்காலம். இலை முழுவதையும் நீக்கி, கிளைகளைக் குட்டையாக வெட்டினால், மிச்சமிருக்கிற கணுக்கள் பத்துப் பதினைந்து நாட்களில் வெடித்துக் கிளம்பும். பூங்கொத்து வருவது பழைய கட்டையில் இல்லை, இந்தப் புதுத்தளிரில்தான். கம்பம் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு தோட்டக்காரரும் வெவ்வேறு மாதத்தில் வெட்டுவதால்தான் அங்கே ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கிறது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. அடுத்த முறை வரப்போகிற பூங்கொத்தின் கரு, வெட்டுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே கணுவுக்குள் உருவாகிவிடுகிறது. அது உருவாக அந்தக் கிளையில் வெயில் பட வேண்டும். எங்கள் வீட்டுப் பந்தல் போல நான்கு அடுக்கு இலைக்கு அடியில் இருட்டில் கிடக்கிற கிளையை வெட்டினாலும், துளிர் வரும், பூ வராது. ஆகவே தேவையில்லாத பக்கக்கிளைகளை அவ்வப்போது கிள்ளி எறிந்து, பந்தலுக்குக் கீழே நின்று பார்த்தால் தரையில் புள்ளி புள்ளியாக வெயில் விழும்படி வைத்திருக்க வேண்டும். நிழலுக்காகத் திராட்சை வைப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். அடர்ந்த நிழல் வேண்டுமென்றால் வேறு கொடி பாருங்கள்.

கொடியைத் தொடக்கத்திலிருந்தே ஒழுங்காகப் படரவிட வேண்டியதும் முக்கியம். எங்கள் கொடியோ ஏழெட்டுத் தண்டுகளாக அடியிலிருந்தே புதராகக் கிளம்பியிருந்தது. முறை என்னவென்றால், நட்ட செடியில் வலுவான ஒரே ஒரு தளிரை மட்டும் விட்டு, குச்சி நட்டுக் கட்டி நேராகப் பந்தலுக்கு ஏற்ற வேண்டும். வழியில் வரும் பக்கத்தளிர்களைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பந்தல் மட்டத்தை எட்டியதும் நுனியைக் கிள்ளினால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கைகள் பிரியும். அவற்றைக் கம்பியில் எதிரெதிர்த் திசையில் ஓடவிட்டு, அவற்றிலிருந்து வரும் கிளைகளை இடைவெளி விட்டுப் பரப்ப வேண்டும். இந்தச் சட்டகம் சரியாக அமைந்துவிட்டால் பிறகு எதை வெட்டுவது, எதை விடுவது என்ற குழப்பமே வராது. எங்கள் புதரில் அடிமரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றை அறுத்து எறிந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கவாத்து அடிக்கத் தெரிந்த ஆள் மதுரையில் கிடைக்கவில்லை. தேனிப் பக்கத்திலிருந்து ஒருவரை வரவழைத்தேன். இன்று, நாளை என்று இழுத்து, அவருக்கு ஒழிந்த நேரமாகப் பார்த்து ஆவணி மாதக் கடைசியில் வந்தார். 800 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் பந்தலை மொட்டை அடித்துவிட்டுப் போனார். ஒவ்வொரு கிளையிலும் பழுப்பேறி உருண்டையாக முதிர்ந்த பகுதியில் 4 கணு விட்டு மிச்சத்தை வெட்டினார். பன்னீருக்கு அந்த 4 கணு வெட்டுப் போதும், அளந்து குழம்ப வேண்டியதில்லை. விதையில்லாத் திராட்சை கிடைக்காமல் போனதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்றேனே, அது இதற்காகத்தான். பச்சையாக இருக்கிற இளங்கிளையைக் கணக்கில் எடுக்கக் கூடாது. வெட்டின இடங்களிலிருந்து மறுநாள் காலை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்தது. தரையே நனைந்திருந்தது. கொடி செத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்து மெழுகு உருக்கிப் பூசப் போனேன். அது வேர் மேலே தள்ளுகிற சாறு. சில நாட்களில் தானே நின்றுவிடும், ஒன்றும் செய்ய வேண்டாம்.

சொன்னபடியே துளிர்த்தது. மூன்றாவது நான்காவது இலைக்கு எதிர்ப்புறத்தில், கடுகை அள்ளி ஒட்டினது போலப் பச்சையாகப் பூங்கொத்து! திராட்சையில் பற்றுச்சுருள் வருகிற இடமும் பூங்கொத்து வருகிற இடமும் ஒன்றுதான், இரண்டும் ஒரே உறுப்பின் இரண்டு வடிவங்கள். அதனால் தளிர் நாலைந்து இலை விட்டதும் இலைக்கு எதிரே பாருங்கள். வெறும் சுருளாக இருந்தால் அந்தத் தளிரில் இந்த முறை ஒன்றுமில்லை. எங்கள் பந்தலில் வெயில் பட்ட ஓரக் கிளைகளில் எல்லாம் கொத்து இருந்தது. நான் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

அந்த மகிழ்ச்சி ஐப்பசி வரைதான். வெட்டியதிலிருந்து பூ விரிய ஏறக்குறைய 40 நாள் ஆகும். ஆவணிக் கடைசியில் வெட்டினால் அந்த 40 நாள் எங்கே போய் முடியும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: வடகிழக்குப் பருவமழையின் வாயில். இலையின் மேல்புறத்தில் எண்ணெய் பட்டது போல மஞ்சள் திட்டுகள் வந்தன. திருப்பிப் பார்த்தால் அடியில் வெள்ளைப் பஞ்சு. உரக்கடைக்கு இலையை எடுத்துப் போனேன். பூச்சிமருந்து ஒன்றைக் கொடுத்து 650 ரூபாய் வாங்கினார்கள். அடித்தேன். ஒரே வாரத்தில் கொத்துகள் பழுப்பாகிக் கருகி உதிர்ந்தன. ஒரு மணிகூட மிஞ்சவில்லை. அது அடிச்சாம்பல் நோய். ஈரத்தில் பரவும் பூஞ்சை வகை, பூச்சிமருந்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மூன்று வருடம் காத்திருந்து கண்ணால் கண்ட கொத்து கருகியதைப் பார்த்தபோது, அடியோடு வெட்டி எறிந்துவிடலாம் என்றுதான் தோன்றியது. கணவர் அரிவாளைத் தேடி எடுத்தும் கொடுத்தார். மழை விடாமல் பெய்ததால் மட்டுமே அந்தக் கொடி தப்பியது.

கடைக்காரர் எதைக் கொடுத்தாலும் இது பூச்சிக்கா, பூஞ்சைக்கா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பழத்தைச் சாப்பிடலாம் என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் வாங்காதீர்கள். அடிச்சாம்பலுக்கு நான் இப்போது நம்புவது பழைய போர்டோ கலவையை. 10 லிட்டருக்கு 100 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு. இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் வாளிகளில் ஐந்தைந்து லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. தேய்த்த இரும்புக் கத்தியைக் கலவையில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் செம்பு நிறம் படியக் கூடாது. படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் இலை பொசுங்கும். கலக்கிய அன்றே அடித்துவிட வேண்டும். இலையின் அடிப்புறம் நனைய வேண்டும். நோய் வருவதற்கு முன் அடிக்க வேண்டும், வந்த பிறகு அடித்துப் பயன் குறைவு. மயில்துத்தம் விஷம் என்பதையும் மறக்காதீர்கள், குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இந்தக் கலவை பிறந்த கதையும் வேடிக்கையானது. பிரான்சில் போர்டோ பக்கத்தில் சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறித்துத் தின்னாமல் இருக்க, பார்த்தாலே அருவருப்பாக இருக்கட்டும் என்று துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளித்து வைத்திருந்தார்களாம். அந்தக் கொடிகளில் மட்டும் நோய் இல்லாததைக் கவனித்த மில்லார்டே என்ற பேராசிரியர் ஆராய்ந்து 1885ல் வெளியிட்டார். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அந்த நீலம் ஒரு பொருட்டே இல்லை என்பது வேறு விஷயம். அதனால்தான் மணி பழுக்கத் தொடங்கிய பிறகு நான் எதையும் அடிப்பதில்லை.

மார்கழிக் கடைசியில், மழை நின்று வெயில் ஏறிய பிறகு, நானே ஏணி போட்டு வெட்டினேன். வெட்டுவதற்குக் கொஞ்ச நாள் முன்பே தண்ணீரைக் குறைத்துவிட்டு, வெட்டியதும் மட்கிய சாணம் வைத்து நிறையத் தண்ணீர் விட்டேன். தை, மாசி, பங்குனி மூன்றும் வறண்ட மாதங்கள், அடிச்சாம்பல் தொல்லை பெரிதாக இல்லை. வீட்டில் வளர்ப்பவர்களுக்கு நான் சொல்வது இந்த ஒரு பருவத்தைத்தான்: டிசம்பர் கடைசி அல்லது ஜனவரியில் வெட்டி, ஏப்ரல், மே மாதத்தில் பறிப்பது. வைகாசியில் வெட்டி ஆவணியில் பறிக்கிற இரண்டாம் போகமும் தோட்டக்காரர்கள் எடுக்கிறார்கள். அதை ஆசைப்பட்டால் செய்து பாருங்கள். ஆவணி, புரட்டாசியில் மட்டும் யார் வந்து நின்றாலும் கத்தியைக் கொடுக்காதீர்கள்.

வெயில் காலத்துக்கு என்று வேறு விருந்தாளிகள் உண்டு. கொத்துக்குள் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி வந்தது. அதைச் சுமந்து பரப்புவது எறும்பு. அடிமரத்தில் உரிந்து தொங்குகிற பட்டையை உரித்துப்போட்டு, துணி சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவி எறும்பின் வழியை அடைத்தேன். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தும் வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளித்தும் மிச்சத்தைக் கட்டுப்படுத்தினேன். வேப்பெண்ணெயைப் பூ விரிந்திருக்கும்போது தெளிக்காதீர்கள். பிறகு மணி நிறம் மாறத் தொடங்கியதும் பகலில் கொண்டைக்குருவியும் மைனாவும் அணிலும், இரவில் வௌவாலும். 1,800 ரூபாய்க்கு நைலான் வலை வாங்கிப் போர்த்தினேன். தொளதொளவென்று தொங்கிய அந்த மெல்லிய வலையில் ஒரு மைனா கால் சிக்கித் தலைகீழாகத் துடித்துக்கொண்டிருந்தது. கத்தரியால் வெட்டி விடுவிப்பதற்குள் எனக்குக் கை நடுங்கிவிட்டது. அன்றே வலையைக் கழற்றினேன். வலை போடுவதானால் கண் சிறிதான, கனமான வலையை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். எனக்கு இப்போது துணிப்பைதான். பழைய வேட்டியில் தைத்த சின்னப் பைகளைக் குலைக்கு ஒன்றாகக் கட்டிவிடுகிறேன். அணில் ஒன்றிரண்டைக் கடித்துக் கிழிக்கும், அதற்கு என்ன செய்வது?

கடைசியாகப் பறிப்பதில் வந்த சண்டை. மணி கறுத்துவிட்டதே என்று வீட்டில் ஆளாளுக்குப் பறித்தார்கள். புளிப்பு! திராட்சையில் நிறம் முதலில் வரும், இனிப்பு பிறகுதான் ஏறும். பறித்து வைத்தால் மாம்பழம் போலப் பழுக்கவும் செய்யாது, பறித்த அன்று என்ன இனிப்போ அதுவே கடைசிவரை. குலையின் தோள்பகுதி முதலில் இனிக்கும், அடிநுனி கடைசியாக. எனவே நுனியில் தொங்குகிற மணியைக் கிள்ளிச் சுவைத்துப் பாருங்கள். அது இனித்தால் குலை முழுவதும் தயார். பன்னீருக்கு வெட்டிய நாளிலிருந்து 110 முதல் 120 நாள் வரை ஆகும் என்று வைத்துக்கொண்டு, கவாத்து அடித்த தேதியைக் காலண்டரில் குறித்து வைத்தால் இந்தச் சண்டை வராது. பழுக்கிற நேரத்தில் தண்ணீரைக் குறைத்துச் சீராக விட வேண்டும், காயப்போட்டுவிட்டுத் திடீரென்று நிறைய விட்டால் மணி வெடிக்கும்.

இந்த வழியில் வந்ததுதான் அந்த 6 கிலோ. அடுத்தடுத்த ஆண்டுகளில் கூடியிருக்கிறது, எடை போடுவதை நிறுத்திவிட்டேன். செடி வைக்க நினைப்பவர்கள் 350 ரூபாய் கொடுத்துப் படம் வாங்க வேண்டாம். தெரிந்தவர் வீட்டிலோ தோட்டத்திலோ, நன்றாகக் காய்க்கிற கொடியில் கவாத்து அடிக்கிற அன்று போய் நின்றால் குச்சிகள் சும்மாவே கிடைக்கும், எரிக்கத்தான் போடுகிறார்கள். பழுப்பேறிய, பென்சில் கனமுள்ள குச்சியாக 4 கணு இருக்கும்படி எடுங்கள். எடுக்கும்போதே அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் மேல்பக்கத்தை நேராகவும் வெட்டிக்கொண்டால் நடும்போது தலைகீழாகிவிடாது. 2 கணு மண்ணுக்குள், 2 கணு வெளியே. மண்ணும் மணலும் மட்கிய எருவும் கலந்த பையில் நட்டு, நிழலில் வைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் தை மாதம் நட்டது ஆடியில் தரைக்கு மாற்றத் தயாராக இருக்கும். பந்தலை அதற்குள் போட்டுவிடுங்கள், 7 அடிக்கு மேல் வேண்டாம்.